சோறு வெறும் மாவுச்சத்தா? – நமது ஊட்டச்சத்துக் குறிப்புகள் மீது ஒரு திறனாய்வு



'உணவுப் பிரிவுகள்' பாடம் வரும்போதெல்லாம் நம் கைக்கு வருவது ஒரே அட்டவணைதான். முதல் கட்டத்தில் சத்தின் பெயர், அடுத்ததில் உணவின் பெயர், கடைசியில் பயன். மாவுச்சத்து – சோறு, ரொட்டி – சக்தி தரும். புரதச்சத்து – மீன், முட்டை, பருப்பு – வளர்ச்சிக்கு உதவும். கொழுப்பு – எண்ணெய், வெண்ணெய் – உடல் வெப்பத்தைக் காக்கும். விட்டமின், கனிமச்சத்து, நார்ச்சத்து, நீர் என்று ஏழு வரிசைகள். நகலெடுத்துக் கொடுப்போம், பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள், மனனம் செய்வார்கள். நானும் பல ஆண்டுகள் அதைத்தான் செய்தேன்.

ஒருநாள் இந்தப் பாடம் முடிந்ததும், "இன்னைக்குக் காலையில என்ன பசியாறுனீங்க? அதுல என்னென்ன சத்து இருக்கு? எழுதுங்க" என்றேன். ஒரு மாணவன் பால், முட்டை, கோதுமை ரொட்டி, ஆரஞ்சு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சத்தின் பெயரையும் சரியாக எழுதியிருந்தான். முழுப் புள்ளி போட்டேன். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் அவன்தான் முதல் ஆளாக நின்றான். "என்னப்பா, அவ்வளவு சாப்பிட்டும் பசியா?" என்று கேட்டேன். "காலையில ஒன்னும் சாப்பிடல டீச்சர். அட்டவணையில இருக்கறத எழுதணும்னு நெனச்சேன்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. நான் கற்றுக்கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுத்தான். அவன் உடம்புக்கும் அந்த அட்டவணைக்கும் தொடர்பு உண்டு என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. அன்றிலிருந்து அந்த அட்டவணையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். இந்தக் கட்டுரை எந்த ஒரு தனி நூலையும் பற்றியதல்ல. நாம் எல்லாரும் பயன்படுத்தும் அந்த அட்டவணையைப் பற்றியது.

அட்டவணையின் நல்ல பக்கம்

முதலில் நியாயமாகப் பேசிவிடுவோம். அட்டவணை பயனற்றது அல்ல. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புதிய சொற்கள் வேண்டும். 'புரதச்சத்து' என்ற சொல்லே தெரியாதவனிடம் அதன் தன்மையைப் பேச முடியாது. ஏழு பெயர்களையும் வரிசையாகக் கண்ணில் காட்டுவதற்கு அட்டவணையைவிட எளிய வழி இல்லை. தேர்வுக்கு முதல் நாள் மீள்பார்வை செய்யவும் அது உதவும்.

அட்டவணை பாடத்தின் தொடக்கமாக இருக்க வேண்டும். நம் வகுப்பில் அதுவே பாடத்தின் முடிவாகவும் ஆகிவிட்டது. அப்படி ஆகும்போது மூன்று குறைகள் தெரிகின்றன.

முதல் குறை: ஓர் உணவுக்கு ஒரே சத்து

அட்டவணையைப் படித்த பிள்ளையிடம் "சோத்துல என்ன சத்து இருக்கு?" என்று கேளுங்கள். "மாவுச்சத்து" என்பான். "வேற?" என்றால் விழிப்பான்.

உண்மை என்ன? இரண்டு கப் சோற்றில் ஏறத்தாழ 8 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். ஆனால் சோற்றுப் புரதமும் முட்டைப் புரதமும் ஒரே தரம் அல்ல. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பிலும் உளுந்திலும் லைசின் நிறைய உண்டு. அவற்றில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் அரிசியில் போதுமான அளவு கிடைக்கிறது. சோறும் பருப்பும் சேர்ந்தால், அரிசியும் உளுந்தும் சேர்ந்து தோசையானால், ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. சோற்றை ஒரு கட்டத்திலும் பருப்பை வேறொரு கட்டத்திலும் அடைத்துவிட்டால் இந்த உறவைப் பிள்ளையால் பார்க்கவே முடியாது.

பருப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் அது 'புரதம்'. ஆனால் காய்ந்த பருப்பின் எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். புரதம் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. நார்ச்சத்து, இரும்பு, பி வகை விட்டமின்கள் எல்லாம் அதே பருப்பில் இருக்கின்றன. ஆக, அட்டவணை சொல்வது 'இந்த உணவில் எது முக்கியமாகக் கிடைக்கிறது' என்பதை மட்டும். பிள்ளையோ அதை 'இந்த உணவில் இது மட்டும்தான் இருக்கிறது' என்று புரிந்துகொள்கிறான்.

'இது சின்ன விஷயம், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு' என்று கேட்கலாம். சோற்றுக்குள் மாவுச்சத்து தவிர வேறு என்ன இருக்கிறது என்ற கேள்வி, நம் நாட்டில் ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. அந்தக் கதை நம் குறிப்புகள் எதிலும் என் கண்ணில் பட்டதில்லை.

கோலாலம்பூரில் நடந்த ஓர் ஆய்வு

நூறு ஆண்டுகளுக்கு முன்பு மலாயாவில் பெரி-பெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்துப்போகும், நடக்க முடியாது, சிலருக்கு உடல் வீங்கி இதயம் செயலிழக்கும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களிடையே இது மிக அதிகம். ஆனால் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடையே மிகக் குறைவு. ஒரே நாடு, ஒரே வெயில், ஒரே மழை. இரண்டு தரப்பும் சோறு சாப்பிடுகிறவர்கள். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

நெகிரி செம்பிலானில் மருத்துவ அதிகாரியாக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்கள் சாப்பிட்டது ஆலையில் நன்றாகத் தீட்டப்பட்ட வெள்ளை அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. 1907-இல் வெளிவந்த தம் நூலில், நோய்க்குக் காரணம் அரிசிதான் என்று அவர் வாதிட்டார். ஆனால் வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உருவாகிறது என்று அவர் நினைத்தார்.

வில்லியம் ஃபிளெச்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். இடம், கோலாலம்பூரில் இருந்த மனநல மருத்துவமனை. 1905 டிசம்பரில் அங்கிருந்த நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் ஒரு கட்டடத்திற்கும் இரட்டைப்படை எண் பெற்றவர்கள் அதே மாதிரியான இன்னொரு கட்டடத்திற்கும் அனுப்பப்பட்டார்கள். சாப்பாடு இருவருக்கும் ஒன்றே. அரிசி மட்டும் வேறு. ஒரு தரப்புக்குச் சயாமிலிருந்து வந்த வெள்ளை அரிசி. மறு தரப்புக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. 'ஒருவேளை கட்டடத்தில்தான் கோளாறோ' என்ற சந்தேகம் வராமல் இருக்க, நடுவில் கட்டடங்களையும் மாற்றிப் பார்த்தார்.

ஓராண்டு முடிந்தபோது வெள்ளை அரிசி உண்ட ஏறத்தாழ 120 பேரில் 18 பேர் பெரி-பெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட, கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையினரில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை.

அதன்பின் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃப்ரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர், நெகிரி செம்பிலானில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். வெள்ளை அரிசிக் கூட்டத்துக்கு நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோய் வரும் கூட்டமும் மாறியது. பிறகு கோழிகளை வைத்துச் செய்த சோதனைகளில், அரிசியைத் தீட்டும்போது கழியும் தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் தடுக்கப்படுவதையும் கண்டார்கள். அதற்கு முன்பே ஜாவாவில் எய்க்மான் கோழிகளை வைத்து இதே திசையில் ஆராய்ந்திருந்தார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1912-இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு 'விட்டமின்' என்ற பெயரை உருவாக்கினார். தவிட்டிலிருந்த அந்தப் பொருளை 1926-இல் ஜாவாவில் யான்சனும் டோனாத்தும் தனியே பிரித்தெடுத்தார்கள். இன்று நாம் தயாமின், அதாவது விட்டமின் பி1, என்று சொல்வது அதைத்தான்.

தயாமின் நெல்மணியின் வெளிப்புறத்தில், தவிட்டிலும் முளைப்பகுதியிலும்தான் அதிகம். பச்சரிசியை நன்றாகத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். புழுங்கல் அரிசிக்கு நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கிறோம். அப்போது தயாமினின் ஒரு பகுதி நீரோடு சேர்ந்து மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் உள்ளே போனது பெரும்பாலும் தங்குகிறது. மாவுச்சத்தைச் சக்தியாக மாற்ற உடம்புக்குத் தயாமின் கட்டாயம் வேண்டும். வெள்ளைச் சோறே முக்கிய உணவாகச் சாப்பிட்டவர்களுக்கு மாவுச்சத்து நிறையக் கிடைத்தது. அதைப் பயன்படுத்தத் தேவையான தயாமின் கிடைக்கவில்லை.

நம் அட்டவணையில் வெள்ளை அரிசியும் புழுங்கல் அரிசியும் ஒரே கட்டத்தில், 'மாவுச்சத்து' என்று இருக்கின்றன. கோலாலம்பூரில் அந்த ஒரே கட்டத்துக்குள் ஓர் அரிசி மனிதரைக் கொன்றது, இன்னோர் அரிசி காத்தது. அட்டவணையின் முதல் குறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது.

இந்தக் கதையைச் சொல்லும்போது நாம் மூன்று விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது, 'நம்ம முன்னோர் விட்டமினை அப்பவே கண்டுபிடிச்சிட்டாங்க' என்று பெருமை பேச வேண்டாம். உமி எளிதாகக் கழலவும், அரிசி நொறுங்காமல் இருக்கவும், கெடாமல் நாள்படத் தாங்கவும் நெல்லைப் புழுக்கினார்கள். உயிர் காத்தது அந்தப் பழக்கத்தின் எதிர்பாராத நன்மை. இரண்டாவது, தோட்டத் தமிழர்கள் நலமாக வாழ்ந்தார்கள் என்று பொருள் கொள்ளக் கூடாது. அவர்கள் மலேரியாவால் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள், கொக்கிப்புழுவால் இரத்தசோகைக்கு ஆளானார்கள். மூன்றாவது, ஃபிளெச்சரின் நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மறுக்க முடியாத நிலையில் இருந்தவர்கள் மீது நடந்த ஆய்வு அது. இன்று அப்படிச் செய்ய அனுமதி இல்லை. நமக்குக் கிடைத்த அறிவுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைப் பெரிய வகுப்பு மாணவர்களாவது தெரிந்துகொள்ளட்டும்.

'அத்தியாவசியம்' என்றால் என்ன?

இந்தக் கதை இன்னொரு சொல்லையும் விளக்கிவிடுகிறது. 'அத்தியாவசியச் சத்து' என்றால் என்ன என்று கேட்டால், "ரொம்ப முக்கியமான சத்து" என்கிறார்கள் மாணவர்கள். பல குறிப்புகளிலும் அப்படித்தான் இருக்கிறது. அது அரைகுறை விளக்கம்.

உடம்புக்குத் தேவை, ஆனால் உடம்பால் உருவாக்க முடியாது அல்லது போதிய அளவு உருவாக்க முடியாது, ஆகவே உணவிலிருந்துதான் வர வேண்டும். இப்படிப்பட்டதே அத்தியாவசியச் சத்து. கொலஸ்ட்ரால் உடம்புக்கு முக்கியம்தான், ஆனால் கல்லீரல் அதைத் தானே செய்துகொள்கிறது. ஆகவே அது அத்தியாவசியச் சத்துப் பட்டியலில் இல்லை. விட்டமின் சி-யை நம் உடம்பால் செய்ய முடியாது. ஆகவே அது பட்டியலில் இருக்கிறது. விட்டமின் டி இடையில் நிற்கிறது. வெயில் பட்டால் தோல் அதை உருவாக்கும், வெயில் படாதவருக்கு உணவிலிருந்து வேண்டும்.

எண்ணிக்கையைச் சொல்வதானால், புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள் 20. அவற்றுள் 9 அத்தியாவசியமானவை. கொழுப்பில் லினோலெயிக், ஆல்ஃபா-லினோலெனிக் என்ற 2 கொழுப்பு அமிலங்கள் அத்தியாவசியம். விட்டமின்கள் 13. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. பி தொகுதியில் உள்ள எட்டும் சி-யும் நீரில் கரைபவை. இரும்பு, சுண்ணாம்பு, அயோடின், துத்தநாகம் போன்ற கனிமங்களும் நீரும் இவற்றோடு சேரும்.

இந்த எண்களைவிட முக்கியமான ஒன்று உண்டு. பெரி-பெரிக்குக் கிருமியைத் தேடினார்கள், நஞ்சைத் தேடினார்கள். நோய்க்குக் காரணம் ஏதோ உள்ளே வருவதுதான் என்று நினைத்தார்கள். உண்மையில் காரணம் ஒன்று இல்லாமல் போனது. வயிறு நிறைந்தும் உடம்பில் குறை இருக்கலாம் என்பதை மனிதர் புரிந்துகொண்ட இடங்களுள் நம் கோலாலம்பூரும் ஒன்று. இது விளங்கினால் ஊட்டச்சத்துப் பாடத்தின் பாதி விளங்கிவிட்டது.

இரண்டாவது குறை: தட்டில் இருப்பதெல்லாம் உடம்பில் சேராது

'கீரையில் இரும்புச்சத்து உண்டு. கீரை உண்டால் இரத்தசோகை வராது.' இப்படி ஒரு வரி எல்லாக் குறிப்பிலும் உண்டு. முதல் வாக்கியம் சரி. இரண்டாவது அவ்வளவு எளிதல்ல.

கீரை, பருப்பு போன்ற தாவர உணவில் உள்ள இரும்பு, இறைச்சி, மீனில் உள்ள இரும்பைப்போல் எளிதில் உடலில் சேராது. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், அதிலுள்ள பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு சேரவிடாமல் தடுக்கும். அதே சாப்பாட்டோடு எலுமிச்சை, கொய்யா, தக்காளி என்று விட்டமின் சி உள்ள ஏதாவது இருந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். இதேபோல், கீரையில் இருக்கும் கரோட்டின் விட்டமின் ஏ-யாகப் பயன்பட, கூடவே கொஞ்சம் எண்ணெய் வேண்டும். எண்ணெயில் தாளித்த கீரை, வெறும் நீரில் வெந்த கீரையைவிட இதில் மேல்.

நம் வீடுகளில் சோற்றுக்குப் பிறகு உடனே ஒரு தே ஓ ஆயிஸ், ரொட்டி சானாயோடு ஒரு தே தாரிக் என்பது பழக்கம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 29.9 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. ஏறத்தாழ பத்துப் பேரில் மூவர். இதற்குத் தேநீர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. காரணங்கள் பல. ஆனால் 'தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடி' என்ற ஒரு வரி நம் பாடத்தில் இருந்தால், அது செலவில்லாத அறிவுரை. படிவம் ஒன்றுக்குப் போகப்போகும் நம் பெண் பிள்ளைகளுக்கு அது இன்றே தேவை.

மூன்றாவது குறை: அளவு இல்லை

அட்டவணையில் 'எவ்வளவு' என்ற கட்டமே இல்லை. மாவுச்சத்து சக்தி தரும். சரி, அளவுக்கு மீறிச் சாப்பிட்டால்? ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோகலோரி, ஒரு கிராம் புரதம் 4, ஒரு கிராம் கொழுப்பு 9 தரும். செலவாகாத சக்தியை உடம்பு கொழுப்பாகச் சேர்த்து வைக்கும். இந்த மூன்று எண்களும் இருந்தாலே பிள்ளை கணக்குப் போட்டுப் பார்ப்பான்.

அளவைக் காட்டுவதற்காகத்தான் உணவுக் கூம்பகம் வந்தது. ஆனால் நாம் ஒட்டிவைத்திருக்கும் கூம்பகம் எந்த ஆண்டினுடையது? சோறும் ரொட்டியும் அடித்தட்டில் இருக்கும் படமே இன்னும் பல வகுப்புச் சுவர்களில் தொங்குகிறது. சுகாதார அமைச்சின் 2020-ஆம் ஆண்டுக் கூம்பகத்தில் அடித்தட்டில் இருப்பவை காய்கறிகளும் பழங்களும். சோறு, தானிய வகைகள் இரண்டாம் தட்டுக்குப் போய்விட்டன. 'கால், கால், அரை' என்ற மலேசிய ஆரோக்கியத் தட்டும் அதையே சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். சிங்கப்பூரில் 2014-லிலேயே கூம்பகத்தை விட்டுத் தட்டுக்கு மாறிவிட்டார்கள்.

இந்த மாற்றத்தை நாம் ஏன் பொருட்படுத்த வேண்டும்? அதே 2019 ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. நம் வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் தாத்தாவோ பாட்டியோ அப்பாவோ மாத்திரை போடுகிறார் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. சோற்றை அடித்தட்டில் வைத்து, 'இதுதான் அதிகம் உண்ண வேண்டியது' என்று நாம் இன்னும் மனனம் செய்யவைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் தீங்கு.

பாலையும் சொல்ல வேண்டும். "பால் குடிச்சேன்" என்று எழுதும் பிள்ளையிடம் "எந்தப் பால்?" என்று கேளுங்கள். பல வீடுகளில் அது டின் பால். அதில் ஏறத்தாழ பாதி சீனி. அட்டவணைப்படி அது சுண்ணாம்புச் சத்து, உண்மையில் பெரும்பகுதி சீனித் தண்ணீர்.

தேர்வு மாணவர்களுக்கு

'இதெல்லாம் படிச்சா மார்க் வருமா டீச்சர்?' என்று கேட்பீர்கள். வரும். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் பெயரைக் கேட்பதில்லை, காரணத்தைக் கேட்கின்றன. ஒரு மாதிரிக் கேள்வியைப் பார்ப்போம்.

'ஒரு மாணவன் நாள்தோறும் வெள்ளைச் சோறும் பொரித்த கோழியும் மட்டுமே உண்கிறான். அவன் எதிர்நோக்கக்கூடிய ஒரு சிக்கலை ஊகித்திடுக. காரணம் கூறுக.'

விடை 1: அவனுக்கு நோய் வரும். ஏனெனில் அவன் சரிவிகித உணவு உண்ணவில்லை.

விடை 2: அவனுக்கு மலச்சிக்கல் ஏற்படலாம். ஏனெனில் அவன் காய்கறியும் பழமும் உண்ணாததால் உடலுக்குப் போதிய நார்ச்சத்து கிடைக்கவில்லை.

முதல் விடை தவறில்லை, ஆனால் எந்தக் கேள்விக்கும் பொருந்தும். கேள்வியைப் படிக்காமலேயே அதை எழுதிவிடலாம். இரண்டாவது விடையில் எந்த உணவு இல்லை, அதனால் எந்தச் சத்து குறைகிறது, அதனால் என்ன நடக்கும் என்ற மூன்று கண்ணிகளும் இருக்கின்றன. அந்தச் சங்கிலியை எழுதப் பழகுங்கள்.

ஃபிளெச்சரின் ஆய்வையும் அறிவியல் செயற்பாங்குத் திறனுக்குப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

1. தற்சார்பு மாறி: அரிசியின் வகை.
2. சார்பு மாறி: பெரி-பெரி நோய் கண்டவர்களின் எண்ணிக்கை.
3. கட்டுப்படுத்தப்பட்ட மாறி: அரிசி தவிர்த்த மற்ற உணவு, தங்கும் இடத்தின் அமைப்பு.
4. கருதுகோள்: புழுங்கல் அரிசி உண்பவர்களைவிட வெள்ளை அரிசி உண்பவர்களில் அதிகமானோருக்குப் பெரி-பெரி நோய் ஏற்படும்.
5. கூடுதல் கேள்வி: ஃபிளெச்சர் ஏன் நடுவில் கட்டடங்களை மாற்றினார்? நோய்க்குக் காரணம் இடமா அரிசியா என்பதைப் பிரித்துக் காண.

கூம்பகப் படம் தேர்வில் வந்தால், மனனம் செய்ததை எழுதாமல், கொடுக்கப்பட்ட படத்தைப் பார்த்து எழுதுங்கள். தமிழ்மொழியில் 'சரிவிகித உணவின் அவசியம்' என்று கட்டுரை வந்தால், ஏழு சத்தையும் ஏழு பத்தியாகப் பிரித்து எழுதாதீர்கள். உங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது, எதைச் சேர்க்கலாம் என்று எழுதுங்கள். நான் திருத்திய கட்டுரைகளில் மனத்தில் நின்றவை அப்படிப்பட்டவைதான்.

ஆசிரியர்களுக்கு

அட்டவணையைக் கிழித்துப் போட வேண்டாம். அதில் இரண்டு கட்டங்கள் கூட்டுங்கள் போதும். ஒன்று, 'இந்த உணவில் வேறு என்ன இருக்கிறது?' இன்னொன்று, 'எதனோடு, எவ்வளவு?' அந்த இரண்டையும் நிரப்பிக் கொடுக்காமல் காலியாக விடுங்கள். பிள்ளைகள் வகுப்பில் பேசி நிரப்பட்டும். பழைய கூம்பகத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, "எது இடம் மாறிருக்கு? ஏன்?" என்று கேளுங்கள். ஒரு பாட வேளைக்கு அதுவே போதுமான வேலை. இரண்டு கைப்பிடி அரிசி, ஒன்று வெள்ளை, ஒன்று புழுங்கல், கொண்டுவந்து மேசையில் வையுங்கள். உற்றறியச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்குங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 'இன்று என்ன சாப்பிட்டாய்?' என்ற கேள்வியை எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள். சாப்பிடாமல் வந்த பிள்ளை, நம் பாடத்தைக் காப்பாற்றுவதற்காகப் பொய் எழுதுவான். அவன் தட்டில் இல்லாததற்கு அவன் பொறுப்பாளி அல்ல. அவனிடம் ஆரஞ்சும் கோதுமை ரொட்டியும் பற்றிப் பேசுவதைவிட, கூடுதல் உணவுத் திட்டப் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் ஊட்டச்சத்துப் பாடம். விலை குறைந்த பருப்பு, முட்டை, நெத்திலி, கங்கோங் கீரை, கொய்யா இவற்றைக் கொண்டே ஒரு நல்ல தட்டை நிரப்ப முடியும் என்று காட்டுவது அடுத்த பாடம்.

நான் முழுப் புள்ளி போட்ட அந்த விடைத்தாளைத் திரும்ப வாங்கித் திருத்தவில்லை. அடுத்த வாரம் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டேன். "நாளைக்குக் காலையில நீங்க சாப்பிட முடிஞ்ச ஒரு தட்டை வரைங்க." அவன் நேற்றைய சோறு, பொரித்த நெத்திலி, வெள்ளரிக்காய் இரண்டு துண்டு, தண்ணீர் என்று வரைந்தான். பக்கத்தில் சிறிதாக, "இது எங்க வீட்ல இருக்கு" என்று எழுதியிருந்தான். அதற்கும் முழுப் புள்ளிதான் போட்டேன்.